கழுத்தில் தொங்கிய கலயம்

பேஷ்வாக்கள் பூனாவை ஆண்ட காலத்தில் அந்நகர வீதியிற் செல்லும் தீண்டப்படாதவன் தன் இடுப்பிலே ஒரு துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு செல்லவேண்டும். அவன் மிதித்த மண்ணைப் பின்னால் வரும் உயர்சாதி இந்து மிதித்துத் தீட்டுப்படாதிருக்க, அத்துடைப்பம் அவனுடைய காலடிச் சுவட்டை அழித்துக்கொண்டே வரவேண்டும். அவன் கழுத்திலே ஒரு மண் கலயம் தொங்கவேண்டும். எச்சிலை நிலத்தில் உமிழாது அக்கலயத்துள்ளேயே உமிழவேண்டும். 1936ஆம் ஆண்டில் எழுதிய 'சாதி ஒழிப்பு' என்னும் உரையிலே அம்பேத்கர் இச்செய்தியைக் குறிப்பிடுகின்றார்.

பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல் வீழ்ந்தது. பூனா இன்று புனே எனப் பெயர் மாறிப் பெரும் கைத்தொழில் நகரமாகிவிட்டது. அந்நகரின் குடியிருப்புகளிலே காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். பெண்கள் இருவர் தள்ளுவண்டியொன்றுடன் வீடு வீடாகச் செல்கின்றனர். வீட்டார் பிரித்துவைத்த ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் வாங்கி வண்டியிற் சேர்க்கின்றனர். இவர்களிற் பெரும்பாலோர் அன்று துடைப்பத்தை இடுப்பிற் கட்டிச் சென்றவர்களின் சந்ததியினர். இன்று இவர்களுடைய கழுத்திலே தொங்குவது கலயமன்று. மாநகரசபை ஏற்றுக்கொண்ட, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை.

கலயம் அட்டையாக மாறிய வரலாற்றைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென நாம் கருதுகின்றோம். காரணம் உண்டு. கழிவு முகாமைத்துவத்திலும் மீள்சுழற்சியிலும் பெண்களுக்கு வேலை கொடுத்து அவர்களைப் பொருளாதார ரீதியில் உயர்த்தலாம் என்ற பேச்சு இந்நாளிற் பல மேடைகளில் ஒலிக்கின்றது. வேலை கொடுத்தால் விடுதலை தானே வந்துவிடும் என்பது அப்பேச்சின் உட்கிடை. பெண் விடுதலைக்கு முதல் நிபந்தனை பெண்கள் அனைவரும் சமூக உற்பத்தியிற் பங்குகொள்வதே என 1884இல் ஏங்கெல்ஸ் எழுதினார். அக்கூற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால், புனே நகரத்துக் குப்பை பொறுக்கும் பெண்கள் உற்பத்திக்கு வெளியே எந்நாளும் இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் உழைத்தார்கள். உழைத்தும் விடுதலை கிட்டவில்லை. அப்படியாயின், அவர்களுடைய உழைப்பு எந்தச் சூழ்நிலையில், எவற்றின் துணைகொண்டு அவர்களை நிமிரச் செய்தது? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

குப்பையைப் பொறுக்கிப் பிழைப்போர் என்றவுடன் அவர்களை வறிய நாடுகளுக்கே உரியவர்களாகக் கருதுவது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பாவிற் கடதாசி பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்தே செய்யப்பட்டது. அக்கந்தலைத் தெருத்தெருவாகப் பொறுக்கியவர்கள் ஏழைகள். கடதாசி ஆலைகளிலே தூசி மண்டிய அறைகளில் நின்று கந்தலைத் தரம் பிரித்து, பொத்தான்களை அகற்றி, துண்டு துண்டாக வெட்டியவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அக்காலத்து அறிஞர் எழுதிய நூல்களும் புரட்சியாளர் வெளியிட்ட துண்டுப்பிரசுரங்களும் இப்பெண்களின் கைபட்ட கந்தலின் மேல் அச்சிடப்பட்டவையே. இலண்டன் மாநகரில் அடுப்புச் சாம்பலையும் குப்பையையும் குவித்த பெருங் களங்களிலே பெண்கள் சல்லடையுடன் நின்று கரியையும் சாம்பலையும் பிரித்தெடுத்ததை ஹென்றி மேஹியூ அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் விவரித்தார். பிரித்த சாம்பல் செங்கல் சூளைக்குப் போயிற்று. குத்தகைக்காரன் செல்வனானான். சார்ள்ஸ் டிக்கன்ஸ் தமது கடைசிக் காலத்து நாவலொன்றின் கதையை அத்தகைய குப்பைமேட்டுச் செல்வத்தைச் சுற்றியே அமைத்தார். சல்லடை பிடித்த பெண்ணோ சாம்பலுள் நின்றபடியே நின்றாள்.

1883ஆம் ஆண்டில் பாரிஸ் நகர நிருவாகி யூஜீன் புபேல், வீட்டுக் குப்பையை மூடியுள்ள பெட்டியில் இட்டே வெளியே வைக்கவேண்டும் எனக் கட்டளை பிறப்பித்தார். சுகாதார நோக்கில் அது நல்ல கட்டளைதான். ஆயினும் தெருவிற் கொட்டிய குப்பையைக் கிளறி வாழ்ந்த கந்தல் பொறுக்கிகள் கொதித்தெழுந்தனர். தங்கள் சோற்றின்மீது மூடி போடப்படுகின்றது என்பது அவர்களுக்கு உடனே விளங்கிற்று. குப்பை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. எறியும்வரை அது வீட்டுக்காரரின் உடைமை. எறிந்தபின் எவரும் தொட விரும்பாத அசுத்தம். அதிலே இலாபம் உண்டெனத் தெரிந்த மறுகணம் நகரசபையின் சொத்து, குத்தகைக்காரனின் சரக்கு. பொறுக்கியவர்களுடைய பெயர் இவ்வரிசையில் எவ்விடத்திலும் இல்லை.

இனிப் பூனாவுக்கு வருவோம். மராட்டிய கிராம அமைப்பில் ஒவ்வொரு சாதிக்கும் ஒரு கடமை விதிக்கப்பட்டிருந்தது. இறந்த மாட்டை இழுத்து அகற்றுவது மகார் சாதியாரின் வேலை. கயிறு திரிப்பதும் துடைப்பம் கட்டுவதும் மாங் எனவும் மாதங் எனவும் வழங்கப்பட்ட சாதியாரின் வேலை. ஊரின் அழுக்கு அவர்களுடையது. ஊரின் நிலம் பிறருடையது. இவ்வமைப்பின் நடுவிலேதான், 1848ஆம் ஆண்டில், ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பூனாவிற் பெண்களுக்கெனப் பாடசாலை திறந்தனர். படிப்பிக்கச் சென்ற சாவித்திரிபாய்மீது வைதிகர் சாணத்தையும் சேற்றையும் வீசினர் என்றும், அதனால் அவர் மாற்றுச் சேலையொன்றைக் கையிற் கொண்டே பாடசாலைக்குச் சென்றார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

பூலே தம்பதியர் நடத்திய பாடசாலையிற் பயின்ற மாணவியருள் ஒருத்தி முக்தா சால்வே. மாங் சாதிச் சிறுமி. அவளுக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, மாங்-மகார் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதய' என்னும் மராட்டியப் பத்திரிகையில் வெளிவந்தது. வேதத்தைத் தொடும் உரிமை எமக்கு இல்லையென்றால் எமக்கென்று மதம் எது என்று அச்சிறுமி கேட்டாள். தன் சாதிப் பெண்கள் கூரையற்ற இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் கொடுமையை எடுத்துரைத்தாள். ஆசிரியராயுள்ள நாம் இச்சம்பவத்தைச் சாதாரணமாகக் கருதிவிட முடியாது. எழுத்தறிவு பெற்று ஏழாண்டுகூட ஆகாத ஒரு சமூகக் குழுவிலிருந்து எழுந்த முதற் குரல் அது. எனினும், முக்தாவுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவளுடைய சாதிப் பெண்களிற் பெரும்பாலோர் பாடசாலை வாசலை மிதிக்கவில்லை. பாடசாலை திறந்தது, நிலமும் கூலியும் பழைய கைகளிலேயே இருந்தன.

1970களின் தொடக்கத்தில் மகாராட்டிரத்தைப் பெரும் வரட்சி வாட்டியது. 1972ஆம் ஆண்டின் பஞ்சம் இன்றும் அப்பகுதி முதியோரின் வாயில் நாட்கணக்குக்கு அடையாளமாக நிற்கின்றது. நிலமற்ற கூலிக் குடும்பங்கள் மராத்வாடாப் பகுதியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் புனேக்கு ஓடிவந்தன. நகரத்தில் வேலை தேடிய பெண்ணின் முன் இருந்த வழிகள் மிகச் சில. வீட்டு வேலைக்குச் சேர்ப்போர் சாதி கேட்டனர். கட்டட வேலைக்கு எல்லா நாளும் ஆள் வேண்டியிருக்கவில்லை. சாதி கேளாத, முதல் கேளாத, எவரிடமும் அனுமதி பெறவேண்டாத தொழில் ஒன்றே இருந்தது. ஒரு சாக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குள் கைவிடுவதே அது.

இத்தொழிலின் அமைப்பை விளங்கிக்கொள்ளாவிடில் இப்பெண்களின் வறுமைக்குக் காரணம் புலப்படாது. பழைய சாமான் வியாபாரம் ஒரு கோபுரம் போன்றது. உச்சியிலே கடதாசி ஆலையும் பிளாஸ்டிக் தொழிற்சாலையும் உலோக உருக்காலையும் உள்ளன. அவற்றின் கீழே மொத்த வியாபாரி. அவனுக்குக் கீழே சிறு கடைக்காரன். அடித்தளத்திலே பொருளைச் சேகரிப்போர் இரு பிரிவினர். ஒரு பிரிவினர் தள்ளுவண்டியுடன் வீடு வீடாகச் சென்று பழைய பத்திரிகையையும் போத்தலையும் காசு கொடுத்து வாங்குவோர். இவர்களிற் பெரும்பாலோர் ஆண்கள். மற்றப் பிரிவினர் தொட்டியிலும் குப்பைமேட்டிலும் கிடப்பதைக் காசின்றிப் பொறுக்குவோர். இவர்களிற் மிகப் பெரும்பாலோர் பெண்கள். இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு வலிமையிலோ திறமையிலோ இல்லை. ஒருவனிடம் அன்றைய நாளுக்கு வேண்டிய சிறு முதலும் ஒரு வண்டியும் இருந்தன. மற்றவளிடம் அவை இல்லை. முதல் இல்லாதவள் அழுக்கைத் தொட்டாள். அழுக்கில் நனைந்த கடதாசிக்கு வியாபாரி குறைந்த விலையே கொடுத்தான். அவசரத்துக்குக் கடன் கொடுத்தவனும் அவனே. ஆதலால் அவனைவிட்டு வேறொருவனிடம் விற்கவும் அவளுக்கு முடியவில்லை. இதற்கு மேல், காணாமற் போன பொருளுக்கெல்லாம் கள்ளி என்ற பட்டம். இருட்டோடு எழுந்து வீதிக்குச் செல்லும் அவளைப் பொலிஸாரும் விரட்டினர், நாய்களும் விரட்டின.

தொழிற்சாலை முதலாளியைத் தொழிலாளி நேரிற் காண்பதுண்டு. அவன் வாயிலில் நின்று வேலைநிறுத்தம் செய்வதுமுண்டு. குப்பை பொறுக்கும் பெண்ணுக்கு முதலாளியே இல்லை. ஆகவே அவள் தொழிலாளியுமல்லள் என்று சட்டம் முடிவு கட்டிற்று. இத்தகையோரைத் தொழிற்சங்கத்துள் கொண்டுவரலாம் என்று நினைப்பதற்கே மரபுவழித் தொழிற்சங்கவாதிகள் பலர் தயங்கினர் என்பதை நாம் ஒளிக்கவேண்டியதில்லை. இந்தத் தயக்கத்தை முதலிற் கலைத்தவர்களுள் அகமதாபாத்தின் இலா பட் குறிப்பிடத்தக்கவர். 1972இல் அவர் தொடங்கிய சுயதொழில் பெண்கள் சங்கம், தலைச்சுமை தூக்குவோர், வீதி வியாபாரிகள், கடதாசி பொறுக்குவோர் ஆகிய பெண்களைத் தொழிலாளர் என்றே அழைத்தது. முதலாளி இல்லையென்பதாற் சங்கம் கூடாது என்ற வாதத்தை அது நடைமுறையில் முறியடித்தது.

புனேயிற் கதை வேறு வழியில் தொடங்கிற்று. டி. கே. கார்வே 1916இல் நிறுவிய இந்தியாவின் முதலாவது பெண்கள் சர்வகலாசாலை, எஸ். என். டி. டி. என்ற பெயருடன் வளர்ந்திருந்தது. அதன் முதியோர் கல்விப் பிரிவைச் சேர்ந்த ஆசிரியர்களான பூர்ணிமா சிக்கர்மானே, லட்சுமி நாராயண் ஆகியோர் 1990ஆம் ஆண்டளவில், குப்பை பொறுக்கும் சிறுவர்களுக்கு எழுத்தறிவிக்கச் சென்றனர். பிள்ளைகளைப் பின்தொடர்ந்தபோது தாய்மார் தென்பட்டனர். நாள் முழுதும் நடந்தும் அரை வயிற்றுக்குப் போதாமையினாலேயே தாய் பிள்ளையையும் உடனழைத்துச் சென்றாள். எழுத்துப் புத்தகத்தாற் தீராத சிக்கல் இது என்பதை அவர்கள் உணர்ந்தனர். வீட்டார் குப்பையைப் பிரித்துக் கொடுத்தால், அதே பொருள் அழுக்கின்றிக் கிடைக்கும், நேரமும் குறையும், விலையும் கூடும். சில குடியிருப்புகளில் இதற்கு இணக்கம் பெறப்பட்டு, முப்பது பெண்களளவில் வாசலிலேயே குப்பை வாங்கத் தொடங்கினர்.

அப்பொழுதே எதிர்ப்பும் தோன்றிற்று. அதே பகுதியில், தனியார் ஒருவர் மோட்டார் வாகனத்துடன் வந்து வீட்டுக் குப்பையை அகற்றும் தொழிலை ஆரம்பித்தார். பெண்கள் வீதியில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். வீட்டாரிடம் நியாயம் கேட்டனர். வாகனம் பின்வாங்கியது. இந்தச் சிறு சம்பவம் அவர்களுக்கு ஒரு பெரிய உண்மையைக் கற்பித்தது. குப்பை பயனற்றதாயிருக்கும்வரை அதை ஏழைப் பெண்ணுக்கு விட்டுவிடுவார்கள். அதிலே பணம் உண்டென்று தெரிந்த அன்றே வாகனமும் குத்தகையும் அவளை அகற்ற வரும். முப்பது பேர் ஒரு வாகனத்தை மறிக்கலாம். நகரம் முழுதும் வாகனங்கள் வந்தால் என் செய்வது?

விடை 1993ஆம் ஆண்டு மே மாதத்திற் கிடைத்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட குப்பை பொறுக்குவோர் புனேயில் மாநாடு கூடினர். சுமைகூலித் தொழிலாளரை 'ஹமால் பஞ்சாயத்து' என்ற சங்கத்தில் ஒன்றுசேர்த்தவரும், ஊருக்கு ஒரே கிணறு என்ற இயக்கத்தின் மூலம் தீண்டாமையை எதிர்த்தவருமான பாபா ஆடாவ் அம்மாநாட்டுக்கு வழிகாட்டினார். 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து' என்ற தொழிற்சங்கம் அங்கே பிறந்தது. காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றிற் பாடுபடுவோரின் சங்கம் என்பது அப்பெயரின் பொருள். பொறுக்கி என்று ஊர் அழைத்தவர்கள், பொருளின் பெயரையும் பாட்டின் பெயரையும் சேர்த்துத் தமக்குத் தாமே ஒரு பெயர் சூட்டிக்கொண்டனர்.

சங்கத்தின் முதற் கோரிக்கை சம்பளமன்று; அடையாள அட்டை. வெளியார் சிலருக்கு இது விந்தையாகத் தோன்றியிருக்கலாம். வீதியில் நிற்கும் உரிமையே இல்லாதவளுக்குக் கூலி உயர்வு எவ்வாறு பயன்படும்? அட்டையைக் காட்டினாற் காவற்காரன் வழிவிடுவான். பொலிஸ்காரன் கையை ஓங்குமுன் யோசிப்பான். 1990களின் நடுப்பகுதியில் புனே மாநகரசபை, சங்கம் வழங்கிய அட்டைகளை ஏற்று உறுதிப்படுத்தியது. இந்தியாவில் ஒரு மாநகரசபை குப்பை பொறுக்குவோரை இவ்வாறு பதிவுபூர்வமாக அங்கீகரித்த முதற் சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. சங்கம் கடன் கூட்டுறவுச் சங்கமொன்றையும் அமைத்தது. உறுப்பினர் பொருளை நியாயமான நிறையில் வாங்கி, ஆதாயத்தை அவர்களுக்கே பங்கிடும் பழைய சாமான் கடையையும் நடத்தியது. வியாபாரியின் தராசும் கடன்புத்தகமும் அவளைக் கட்டியிருந்த இரு கயிறுகளென்றால், அவ்விரண்டையும் அறுக்கச் செய்த முயற்சிகள் இவை.

அடுத்ததாக, கணக்கைக் கொண்டே வழக்காடக் கற்றனர். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் உதவியுடன் 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, புனேயிலும் அண்டை நகராகிய பிம்ப்ரி-சிஞ்ச்வாட்டிலும் இவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 144 தொன் பொருளைக் குப்பையிலிருந்து மீட்கின்றனர் எனக் காட்டியது. இதனால் மாநகரசபைகளுக்கு மிச்சமாகும் போக்குவரத்துச் செலவு ஆண்டொன்றுக்கு ஒரு கோடியே 58 இலட்சம் இந்திய ரூபா. ஒவ்வொரு தொழிலாளியும் மாதந்தோறும் 246 ரூபா பெறுமதியான உழைப்பை நகருக்கு இனாமாக அளிக்கின்றாள் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது. நகரத்தின் தயவில் வாழ்கின்றாள் என்று எண்ணப்பட்டவளின் தயவிலேயே நகரம் சுத்தமாயிருந்தது என்பது எண்களால் நிறுவப்பட்டது. இதன் பின்னர், 2002-2003இல், மாநகரசபை இத்தொழிலாளருக்கு மருத்துவக் காப்புறுதி வழங்க முன்வந்தது. அதனைத் தருமமென்று சங்கம் பெற்றுக்கொள்ளவில்லை. பழைய கடனிற் சிறு பகுதியெனக் கணக்கில் வைத்தது.

2000ஆம் ஆண்டில் இந்திய அரசு இயற்றிய விதிகள், வீட்டு வாசலிலேயே குப்பை சேகரிக்கப்படவேண்டும் என நகரசபைகளைப் பணித்தன. நாடெங்கும் பெரும் கம்பனிகள் ஒப்பந்தத்துக்கு ஓடிவந்தன. புனேச் சங்கம் அதற்கு ஆயத்தமாகவே இருந்தது. தொழிலாளரையே உரிமையாளராகக் கொண்ட கூட்டுறவு ஸ்தாபனமொன்றை 'ஸ்வச்' என்ற பெயரில் அது உருவாக்கிற்று. 2008இல் மாநகரசபை அதனுடன் ஐந்தாண்டு உடன்படிக்கை செய்துகொண்டது. வீட்டார் சிறு கட்டணத்தைத் தொழிலாளியிடமே நேரடியாகக் கொடுப்பர். பிரித்தெடுத்த பொருளை விற்ற பணமும் அவளுக்கே சேரும். இரண்டாவது விதியே உயிர்நாடியானது. கூலி மட்டும் கொடுத்து, பொருளைக் கம்பனி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் அவள் வெறும் கூலியாளே. புனேயிலோ பொருளின்மீது அவளுக்கு உரிமை உண்டு. மூவாயிரத்துக்கும் அதிகமானோர் இக்கூட்டுறவிற் சேர்ந்தனர். வேலை நேரம் சுருங்கியது. வருமானத்தில் நிச்சயம் ஏற்பட்டது. தொட்டிக்குள் தலைவிடும் அவலம் பெருமளவு குறைந்தது.

இவ்வெற்றி நிலைபெற்றுவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். 2020இல் பெருந்தொற்று நோய் பரவி நகரம் கதவடைத்திருந்தபோதும் இப்பெண்கள் வாசல்தோறும் சென்றனர். அதே ஆண்டின் முடிவில் உடன்படிக்கைக் காலம் முடிந்தவுடன், இவர்களை அகற்றிக் குத்தகைக்காரரிடம் வேலையை ஒப்படைக்கும் யோசனை தலைதூக்கிற்று. தொழிலாளர் மீண்டும் வீதியில் இறங்கினர், அவர்களை அறிந்த குடியிருப்பாளர் பலர் துணைநின்றனர், உடன்படிக்கை நீடிக்கப்பட்டது. 1990இல் வந்த மோட்டார் வாகனம் முப்பது ஆண்டுகளின் பின் பெரிய உருவத்தில் திரும்பி வந்தது. அடுத்த உடன்படிக்கை முடியும் வேளையிலும் வரும்.

இனி, இவ்வரலாற்றின் நெஞ்சில் உள்ள முரண்பாட்டைத் தொடாமல் விடுவது நேர்மையாகாது. குப்பைத் தொழிலைச் சீராக்குவதன் மூலம், அழுக்கு வேலை தாழ்ந்த சாதிப் பெண்ணுக்கே உரியது என்ற பழைய சட்டத்தைப் புதிய சீருடையில் நிலைநிறுத்துகின்றோமா? 1927இல் மகாட் மாநாட்டிலே, செத்த மாட்டை இழுக்கும் வேலையையும் இழிவான ஊழியங்களையும் கைவிடுமாறு அம்பேத்கர் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். தோட்டி வேலையை உயர்ந்த தொண்டெனப் புகழ்ந்த காந்தியின் கருத்தை, 1945இல் வெளியிட்ட நூலில் அவர் கடுமையாகக் கண்டித்தார். அவ்வேலையை ஒருவன் விரும்பி ஏற்கவில்லை, பிறப்பே அதை அவன்மேற் சுமத்துகின்றது என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த வாதத்துக்கு எதிராக எழுந்து நிற்கக்கூடிய புகழுரை எதுவும் இல்லை. தொழில் புனிதமானது என்று கூறிக்கொண்டு அதைத் தம் பிள்ளைக்கு விரும்பாதவர்களின் பேச்சை நாம் ஐயத்துடனேயே கேட்கவேண்டும்.

ஆயின், சங்கத்துப் பெண்களின் நிலைப்பாடு புனிதம் பற்றியதன்று. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட நாற்பது வயதுப் பெண்ணிடம், இத்தொழிலை இன்றே விட்டுவிடு என்று கூறுவோர் நாளைய சோற்றுக்கு வழி கூறுவதில்லை. அவளை விலக்கினாலும் குப்பை மிஞ்சும். அதன் ஆதாயம் மட்டும் கம்பனிக்குச் செல்லும். ஆகவே, தொழிலில் நிற்கும் தலைமுறைக்குக் கூலியும் உரிமையும் மதிப்பும் வேண்டும். அடுத்த தலைமுறைக்கு அதைவிட்டு வெளியேறும் வழி வேண்டும். சிறுவர்களை இவ்வேலையிலிருந்து மீட்டுப் பாடசாலைக்கு அனுப்புவதைத் தொடக்கத்திலிருந்தே சங்கம் தன் கடமையாகக் கொண்டது. தாயின் வருமானம் உயர்ந்தாற் பிள்ளை சாக்கைக் கீழே வைக்கும் என்பதே அதன் கணக்கு. அம்பேத்கரின் கோரிக்கையும் சங்கத்தின் கோரிக்கையும் ஒன்றையொன்று மறுப்பனவாக நமக்குத் தோன்றவில்லை. இரண்டாவதைப் பெறாமல் முதலாவதை அடைய ஏழைப் பெண்ணாலே முடியாது. முதலாவதை மறந்தால் இரண்டாவது வெறும் சலுகையாய் முடியும். எந்தப் பெண்ணும் பிறப்பினாலே குப்பைக்கு விதிக்கப்படாத நாளே இப்போராட்டத்தின் முடிவாகும். அந்நாளில் நகரசுத்தித் தொழில் நல்ல கூலிக்கும் நல்ல கருவிக்கும் எச்சாதியாரும் செய்யும் தொழிலாக இருக்கவேண்டும்.

புனே தனித்து நிற்கவுமில்லை. 1992ஆம் ஆண்டு கொலம்பியாவின் பரன்கிய்யா நகரிலே குப்பை பொறுக்குவோர் சர்வகலாசாலையொன்றின் வளவுக்குள் அழைக்கப்பட்டுக் கொலைசெய்யப்பட்டனர். அவர்கள் நினைவாகவே மார்ச் முதலாம் திகதி உலகெங்கும் இத்தொழிலாளர் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது. பிரேசில் நாடு 2002இல் இத்தொழிலைத் தன் தொழிற் பட்டியலிற் சேர்த்தது. பொகோட்டா நகரத் தொழிலாளர், நோரா பதிய்யா போன்ற பெண்களின் தலைமையில் நீதிமன்றம்வரை சென்று, தாம் சேகரிக்கும் ஒவ்வொரு நிறைக்கும் நகரம் கூலி கொடுக்கவேண்டும் என்ற உரிமையை வென்றனர். இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டின் விதிகள், குப்பை பொறுக்குவோரை அங்கீகரித்து நகர அமைப்பினுட் சேர்க்கவேண்டும் எனப் பணித்தன. விதி எழுதப்பட்ட இடமெல்லாம் நடைமுறை வரவில்லை. சங்கம் இருந்த இடத்தில் மட்டும் விதிக்கு உயிர் வந்தது.

நமது நாட்டு வாசகருக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் அம்மேட்டின் ஓரத்தில் வாழ்ந்த எளிய மக்கள். பிரித்தானியர் காலத்தில் நகரசுத்தி வேலைக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் மக்களின் சந்ததியினர், தலைமுறை பல கடந்தும் அதே தொழிலின் பெயராலேயே நம்மிடையே அழைக்கப்படுகின்றனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு நாட்டுரிமையை மறுத்தபோது, நம் நகரத்துக் கழிவை அள்ளியவர்களும் அதற்குத் தப்பவில்லை. வாக்குரிமை வேறு, சாதி வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி அவர்கள் வாழ்வு அமைந்தது.

மீள்சுழற்சி நிலையங்களைப் பற்றியும், அவற்றிற் பெண்களுக்குக் கிடைக்கப்போகும் வேலைகளைப் பற்றியும் இன்று திட்டங்கள் வகுப்போரிடம் நாம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். பிரித்தெடுக்கும் பொருள் யாருக்குச் சொந்தம்? அதைப் பிரிக்கும் பெண்ணுக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டா? அவளுடைய மகள் எங்கே படிக்கின்றாள்? இம்மூன்றுக்கும் விடையில்லாத திட்டம் எத்தனை பேருக்கு வேலை கொடுப்பினும், பழைய துடைப்பத்தை வேறு கையில் மாற்றிவைப்பதாகவே முடியும்.

மூன்றாவது கேள்வி நம்மையும் நோக்கியதே. ஆண்டுத் தொடக்கத்திலே வகுப்பறையிற் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, தாய் தந்தையர் செய்யும் தொழிலைச் சொல்லுமாறு கேட்டுப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் நம்மிடம் இருந்தது. நகரசுத்தித் தொழிலாளியின் மகளொருத்தி எழுந்து, வாய் திறவாமல், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாம் சிரித்தவனையும் கண்டிக்கவில்லை, கேள்வியையும் மாற்றவில்லை. 'கூலி' என்று எழுதிவிட்டு அடுத்த பெயரை அழைத்தோம். பதினான்கு வயது முக்தா சால்வே எழுதியதை அதற்குச் சில ஆண்டுகளின் பின்னரே நாம் அறிந்தோம். அவளுக்கு அந்தக் கட்டுரையை எழுதும் துணிவு ஒரு வகுப்பறையிலேதான் பிறந்தது. நம் வகுப்பறையில் அன்று பேசாது நின்ற பிள்ளையும் அவ்வாறு எழுதக்கூடியவளாய் இருந்திருக்கலாம். அவளை உட்காரச் சொன்னவர்கள் நாமே.